செண்பகத்துக்குக் கோபம்

மகளுக்குக் கருமாதி விசேஷம் முடிந்த மறுநாள் காலை, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய அண்டாக்களை முருகேஸ்வரி தேய்த்துக்கொண்டிருந்தபோது சங்கையா வந்தார். அவள் புருஷன் சுடலைமணிக்கு அவர் சித்தப்பா. எஸ்டேட் காளியம்மன் கோவில் பூசாரி. எத்தனையோ தடவை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்குள் செருப்புக் காலோடு வந்து டீ கேட்டவர், அன்றைக்கு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே போய், சுவரில் மாலையோடு தொங்கிய செண்பகவல்லியின் படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றார்.

அதைப் பார்த்ததும் முருகேஸ்வரி அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தினாள். இதே மனிதர்தான் போன மாதம்வரை இதே பிள்ளையை, “வாயாடி மூதி, பொட்டப்பிள்ளை இப்படிப் பேசினா விளங்குமா?” என்று திட்டிக்கொண்டிருந்தவர்.

“நல்ல சேதி கொண்டாந்திருக்கேன் தாயி,” என்றார் சங்கையா. “கம்பெனியும் ரிசார்ட்காரங்களும் சேந்து நம்ம பிள்ளைக்கு ஒரு கோவில் கட்டித் தாராங்க. அந்தக் கேட்டுப் பக்கத்துல, வளைவுல. சின்னதா ஒரு பீடம், மேல ஓடு. மேனேஜரே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சுடலைமணி எழுந்து உட்கார்ந்தான். மகளை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து அசையாத அவன் முகம் அசைந்தது.

“எதுக்குக் கோவில்?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

“எதுக்கா? கல்யாணம் ஆகாமப் போன பிள்ளை கன்னி இல்லையா? நம்ம வழக்கந்தான தாயி. இனிமே அவ உனக்கு மட்டும் மக இல்ல. இந்த மலைக்கே காவல்.”

கல்யாணத்துக்கு முன்னால் இறந்துபோகும் பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இந்தக் கேரள மலைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களில் உள்ள வழக்கம்தான். ஒரு பெட்டியில் புதுப் பாவாடையும் சட்டையும் வளையலும் கண்மையும் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலிட்டுப் படைப்பார்கள். சுடலைமணியின் அத்தை ஒருத்தி அவன் பூர்வீக வீட்டில் அப்படித்தான் பெட்டிக்குள் இருக்கிறாள். முருகேஸ்வரியும் அங்கே போகும்போதெல்லாம் விழுந்து கும்பிட்டிருக்கிறாள். அதிலெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. ஆனால் அதைக் கம்பெனி ஏன் செய்ய வேண்டும்?

“அவுங்க ஏன் மாமா கட்டித் தாராங்க?”

“பெரிய மனசு. வேறென்ன?”

“பெரிய மனசுக்காரன் அன்னைக்கே கேட்டைத் திறந்திருப்பானே மாமா.”

சங்கையா மறுபடியும் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். முருகேஸ்வரி கரிக் கையோடு எழுந்து நின்று, “செருப்பை மாட்டிக்கிட்டு வந்து டீ கேளுங்க, தாரேன். இந்தக் கும்பிடு வேண்டாம்,” என்றாள்.

லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மூடிக்கிடந்த பழைய ஃபாக்டரி வழியாக இறங்கும் தார் ரோடு. ஏலப்பாறை பஸ்ஸைப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஓடிய வழி அது. இன்னொன்று மலையைச் சுற்றிக்கொண்டு போகும் கல் ரோடு. மழைக்காலத்தில் ஜீப்புகூடத் திணறும். ஃபாக்டரியையும் அதைச் சுற்றிய சரிவையும் கம்பெனி ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுத்தது. வந்தவர்கள் ஃபாக்டரிக்குப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி வைத்தார்கள். கூடவே ரோட்டுக்குக் குறுக்கே ஓர் இரும்பு கேட்டையும் வைத்தார்கள். லயத்து ஆட்கள் போய்க் கேட்டதற்கு, உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடுவோம் என்றார்கள். கொஞ்ச காலம் திறந்தும் விட்டார்கள். பிறகு, விருந்தாளிகளின் குழந்தைகள் ரோட்டில் விளையாடுகிறார்கள், ஜீப் வரக்கூடாது என்றார்கள். நடப்பவர்கள் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை போட்டுக்கொண்டார்கள். வண்டிக்குத்தான் வழியில்லாமல் போனது.

செண்பகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காலம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும் லயத்துச் சுவர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. பையில் புத்தகத்தோடு மருந்து பம்பும் இருக்கும். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயந்தரம் மழையில் நனைந்து வந்தவள் துணி மாற்றும்போதே மூச்சுக்குத் தவித்தாள். பம்பை எத்தனை தடவை அடித்தும் கேட்கவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. சுடலைமணி சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். நல்ல வேளையாக வண்டி வாசலில் நின்றது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முருகேஸ்வரி பின்னால் ஏறினாள். ஃபாக்டரி ரோட்டில் இறங்கினால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்; உயிருக்கு ஆபத்தென்றால் திறக்காமலா இருப்பார்கள்?

கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு நின்றவன் கீழ் லயத்து மிக்கேல். செண்பகத்தை அவனுக்குக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். “மயினி, சாவி ஆபீஸ்ல இருக்கு, இந்தா கேக்கேன்,” என்று போனை எடுத்தான். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ வெளியூர்க் கம்பெனிக்காரர்களின் விருந்து. ரிசார்ட் மேனேஜர் ஜோஜோ போனில் சொன்னதை மிக்கேல் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதற்றத்தில் அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். “இப்போது வண்டி எதுவும் உள்ளே விட முடியாது. அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதல்லவா, அதில் போகச் சொல்.”

“சார், பிள்ளைக்கு மூச்சு இல்ல சார்,” என்றான் மிக்கேல். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தான். மறுபடி. எடுக்கவில்லை.

சுடலைமணி இரும்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். பிறகு ஜீப்பைத் திருப்பினான். வளைவில் வண்டி திரும்பும்போது, அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த செண்பகத்தின் கை தளர்ந்தது. அதற்குப் பிறகு கல் ரோட்டில் அவர்கள் போனதும், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் எல்லாம் சும்மா. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மலையாளத்தில் தொடங்கிய டாக்டர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்களைக் கேட்கக் கேட்கத்தான் முருகேஸ்வரிக்கு ரத்தம் கொதித்தது. விதி என்றார்கள். நல்ல பிள்ளையைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்றார்கள். “கடவுளா கேட்டைப் பூட்டினாரு?” என்று அவள் கேட்டால், பாவம், பிள்ளை போன வருத்தத்தில் பேசுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில், நோயில் இறந்ததற்குக் கேஸ் எடுக்க முடியாது என்றார்கள். பஞ்சாயத்தில், அது கம்பெனி ரோடு என்றார்கள். யூனியன்காரர் பெரியமுத்து, “பேசிக்கிட்டிருக்கோம்மா,” என்றார். யாரிடம், எதை என்று அவர் சொல்லவே இல்லை. போன இடத்திலெல்லாம் அவளுக்கு மலையாளம் குறுக்கே நின்றது. கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் அவளுக்கு அது வரும். எந்த ஆபீஸுக்குப் போனாலும் செண்பகம்தான் அவளுக்கு வாய். இப்போது வாயில்லாமல் நின்றாள்.

கோவில் பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்குச் சுடலைமணி அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனான். உடுக்கைச் சத்தம் ஏற ஏற சங்கையாவுக்கு அருள் வந்தது. அவர் பொய்யாக ஆடுகிறவர் அல்ல. அது முருகேஸ்வரிக்கும் தெரியும். நாற்பது வருஷமாக அந்த அம்மனுக்கு விரதமிருந்து வெந்த உடம்பு அது. ஆடிக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார். குரல் மெலிந்து, பெண்குரல்போல் வந்தது.

“ஆத்தா... நான் வந்துட்டேன் ஆத்தா. அழாத.”

கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். சுடலைமணி முழங்கால் போட்டு விழுந்தான்.

“எனக்கு நீலப் பாவாடை எடுத்து வை ஆத்தா. வளைவுல இடம் கொடு. நான் குளிர்ந்து இருக்கேன். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல ஆத்தா. யார் மேலயும் கோபம் இல்ல.”

அதுவரை முருகேஸ்வரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளுக்குள் ஒரு மூலையில், வந்திருப்பாளோ என்று அவளுக்கும் ஆசை. எங்கே இருந்து வந்தாலும் சரி, யார் வாயால் பேசினாலும் சரி, ஒரு தடவை வந்தால் போதும் என்ற ஆசை. அந்தக் கடைசி வாக்கியத்தில் அது அணைந்துவிட்டது.

கோபம் இல்லையாம். செண்பகத்துக்கு! கன்செஷன் டிக்கெட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததும் நிற்காமல் போன பஸ்ஸை, டின்சி என்ற கூட்டாளிப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ரோட்டு நடுவில் நின்று மறித்தவள் அவள். டிரைவர் கத்த, இவள் பதிலுக்குக் கத்த, மறுநாளிலிருந்து பஸ் நின்றது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை. காய்ந்த தோசை வைத்தால் சண்டை. அப்பன் குடித்துவிட்டு வந்த அன்றைக்கு அவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டு அழவைத்தவள். பாவாடையைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது; நீலம் யூனிஃபார்ம் கலர் என்று கண்டாலே ஆகாது.

“இது என் மக இல்ல,” என்றாள் முருகேஸ்வரி. உரக்கத்தான் சொன்னாள். உடுக்கை நின்றுவிட்டது.

“தாயி, சாமி குத்தமாயிரும்,” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

“ஆகட்டும். மூச்சுக்குத் தவிச்சுச் செத்த பிள்ளை கோபமில்லன்னா சொல்லும்? கேட்டைப் பூட்டினவனுக்குத்தான் அவ கோபமில்லாம இருக்கணும். எனக்கு எதுக்கு?”

கருவறையில் பட்டுச் சுற்றி, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டிக்கொண்டு நின்ற காளியம்மனை அவள் பார்த்தாள். “உனக்கு மட்டும் கோபம் இருக்கலாம், என் பிள்ளைக்கு இருக்கக்கூடாதோ?” என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

வீட்டில் சண்டை வந்தது. கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அப்படியொரு சண்டை அவர்களுக்குள் வந்ததில்லை.

“உனக்கு என்ன தெரியும்?” என்றான் சுடலைமணி. “வண்டியைத் திருப்பினது நாந்தான்டி. இடிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கணும். போகல. கண்ணை மூடினா அந்த ஸ்டீரிங்தான் கைக்குள்ள சுத்துது. கோபமில்லன்னு அவ சொன்னப்பதான் இன்னைக்கு ராத்திரியாவது தூங்கலாம்னு நினைச்சேன். அதையும் பிடுங்கிட்டியே.”

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் அவன் கேட்டதைக் கொடுக்க அவளிடம் இல்லை.

அதன் பிறகான நாட்களில் அவள் மகளைத் தேடினாள். யாரிடமும் சொல்லாமல் தேடினாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெட்டும்போது நிரைக்கு நிரை கூப்பிட்டுப் பார்த்தாள். துவைக்காமல் வைத்திருந்த சுடிதாரை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகைதான் வந்தது, பிள்ளை வரவில்லை. அப்படி வராததற்கும் அவளுக்குக் கோபம். கோவில் பக்கமே போகாமல், வேலைக்குப் போகும் வழியில் தூரத்திலிருந்தே காளியைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவாள். “நீயும் ஒரு பொம்பளைதான? கண்ணு ரெண்டும் அம்புட்டுப் பெருசா எதுக்கு வச்சிருக்க?” கூட நடக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் ஒருத்தியும் அவளைத் தடுக்கவில்லை.

கோவிலுக்குக் கால்நாட்டும் நாள் வந்தது. ரிசார்ட் ஆட்கள் வளைவில் புல்லைச் செதுக்கி, பந்தல் போட்டிருந்தார்கள். ஆளுயர ஃப்ளெக்ஸில் செண்பகம் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். அவள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைந்திருந்தார்கள். கீழே ரிசார்ட்டின் பெயர், அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். மாவிலை கட்டிய மூங்கிலைக் குழியில் இறக்க சங்கையா தயாராக நின்றார். சுடலைமணி புது வேட்டி கட்டி ஒதுங்கி நின்றான். ஜோஜோ வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்திருந்தான்.

முருகேஸ்வரி வேலையிலிருந்து நேராக வந்தாள். இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படுதா, கையில் கொழுந்து வெட்டும் கத்தரி, முதுகில் ஈரப் பை. ஜோஜோ அவளைக் கண்டதும் கைகூப்பினான்.

“சேச்சி, வெஷமிக்க வேண்டாம், வருத்தப்பட வேண்டாம்,” என்றான், தனக்கு வந்த தமிழில். “மகள் எங்கயும் போகல. இங்கதான் இருக்கா. நம்ம கெஸ்ட் எல்லாம் வந்து தொழும். இந்த மலைதேவின்னு சொன்னா அவங்களுக்கு ரொம்ப இஷ்டம். காலையில நடக்க வரும்போது இங்க ஒரு ஸ்டாப் வைக்கலாம்னு நான் யோசிச்சிருக்கேன்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டிய கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை அவன் சொன்னான். கேட்டில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பையை இறக்கி வைத்தாள். நேராகப் போய் சங்கையாவின் கையிலிருந்த மூங்கிலைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தாள். பிறகு ஜோஜோவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

“இது பொதுவழியாணு,” என்றாள். “அடைக்கான் நிங்ஙள்க்கு ஒரு அவகாசவும் இல்ல. தொறக்கணம். இப்போள் தொறக்கணம்.”

இது பொதுவழி, அடைக்க உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை, இப்போதே திறக்க வேண்டும். வார்த்தை வார்த்தையாகச் சுத்தமான மலையாளம். அதை எங்கே கற்றாள் என்று அவளுக்கே தெரியாது. அதைவிட, அது வந்த விதம். தாடையை லேசாகத் தூக்கி, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும் இடத்தில் ஓங்கி வைத்து, மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தி, மறுபடி. இழுப்புக்காரப் பிள்ளை பேசும் விதம். இழுப்பு இல்லாத முருகேஸ்வரி அந்த இடங்களிலெல்லாம் மூச்சுக்காக நின்றாள்.

அவள் ஆடவில்லை, உடம்பு நடுங்கவில்லை. காலடியில் தார் ரோட்டின் ஈரம் தெரிந்தது. பந்தலில் தட்டும் தூறலைக் கேட்டாள். எதிரே நிற்பவனின் கண் ஓடுவதைப் பார்த்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. அதே தெளிவோடு, தன் இடது கைப்பக்கம் செண்பகம் நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ்களுக்குப் போகும்போது அம்மாவின் முழங்கையை ஒட்டி ஒரு எட்டு முன்னால் நிற்பாளே, அப்படி நின்றாள். அவள் குளிர்ந்து இல்லை. தகித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அழுகையில் தேடிய பிள்ளை கோபத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் வேறெங்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று முருகேஸ்வரி நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஜோஜோ ஏதோ சொல்ல வந்தான். அவள் ரோட்டின் நடுவில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் வளைவில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி பையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் ரோடு தெரியவில்லை. படுதாவும் தலைத்துண்டுமாகப் பெண்கள்தான் தெரிந்தார்கள். கீழிருந்து வந்த விருந்தாளிகளின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பெரியமுத்து ஓடிவந்து, முறைப்படி நோட்டீஸ் கொடுக்காமல் இப்படிச் செய்யக்கூடாது என்றார். “நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே. நாங்க உக்காந்திருக்கோம்,” என்றாள் ஒருத்தி. சங்கையா கெஞ்சினார், பிறகு சபித்தார். “கன்னிக்கு இடமில்லாமப் பண்ணுதியே, அவ எங்க போவா?” என்று கேட்டார்.

“எங்கயும் போகல மாமா. உக்காந்திருக்கா,” என்றாள் முருகேஸ்வரி.

போலீஸ் வந்தது. பெண் போலீஸ் இல்லையென்று திரும்பிப்போனது. மறுநாள் காலை வேலைக்குப் பெயர் பதியும் மஸ்டருக்கு ஒரு பெண்ணும் போகவில்லை. ஏலப்பாறையிலிருந்து டிவிக்காரர்கள் ஏறி வந்தார்கள். செண்பகத்தின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டின்சியோடு வந்து உட்கார்ந்தார்கள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோது மிக்கேல் காவல் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்று, அன்றைக்குப் போனில் என்ன கேட்டான், என்ன பதில் வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் முருகேஸ்வரியின் பக்கம் திரும்பமுடியாமல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகுதான் தாசில்தாரின் ஜீப் வந்தது. பழைய ரெவின்யூ வரைபடத்தில் அந்த ரோடு இருக்கிறது, விசாரணை முடியும்வரை கேட் இருக்கக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். வெல்டிங்காரன் வந்து கேட்டை அறுத்தெடுத்து ஓரத்தில் சாய்த்தான்.

யாரும் கைதாகவில்லை. ஜோஜோவை வேறு ரிசார்ட்டுக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். மிக்கேலுக்கு வேலை போய்விட்டது. சங்கையா அவர்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். விசாரணை இன்னும் நடக்கிறது; தேதி வரும்போதெல்லாம் முருகேஸ்வரி போகிறாள்.

கேட்டை அறுத்தெடுத்த அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது சுடலைமணி அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்திருந்தான். போராட்டத்துக்கு அவன் வரவில்லை; தூரத்தில், தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கஞ்சியை ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

“அன்னைக்கு நீ பேசினது,” என்றான். “அது அவ பேச்சு.”

“ஆமா.”

“வந்தாளா?”

“வந்தா.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “என் மேல கோபமா இருக்காளா?”

முருகேஸ்வரி கஞ்சியைக் கீழே வைத்தாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் தூங்குவான். ஆனால் பக்கத்தில் நின்ற பிள்ளையை அவள் இப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள். அவளைப் பற்றிப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“கோபந்தான்,” என்றாள். “ஏன்பா திருப்பினன்னு கேப்பா. என் மேலயும் கோபந்தான். கேட்டு வச்ச அன்னைக்கே ஏம்மா போய்ச் சண்டை போடலன்னு கேப்பா. அவ கேப்பா. ஆனா நீங்க குடிச்சிட்டு வந்த அன்னைக்கு எம்புட்டுக் கத்தினா? விடிஞ்சதும் உங்க பக்கத்துலதான வந்து உக்காந்து காப்பி குடிச்சா.”

சுடலைமணி வாய்விட்டு அழுதான். மகள் இறந்த பிறகு அன்றைக்குத்தான் அப்படி அழுதான். அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே, “கேளுடி, எம்புட்டு வேணும்னாலும் கேளுடி,” என்று அவன் சொன்னது அவளிடம் அல்ல.

மறுநாள் அவர்கள் இருவருமாகச் சேர்ந்து படத்திலிருந்த மாலையைக் கழற்றினார்கள். ஒளிவட்டம் போட்ட ஃப்ளெக்ஸைச் சுடலைமணி சுருட்டி அடுப்பில் போடப்போனான். நாற்றமடிக்கும் என்று அவள் தடுத்தாள். கோழிக்கூட்டுக்கு மேல் தலைகீழாகப் போட்டு மூடினார்கள். பெட்டி ஒன்று வாங்கினார்கள். வழக்கம் வழக்கம்தான், அதை யாருக்காக விடவேண்டும்? பாவாடை வைக்கவில்லை. செண்பகம் ஆசைப்பட்டுக் கேட்டு, இவர்கள் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட ஜீன்ஸையும் சிவப்புச் சட்டையையும் வைத்தார்கள். விளக்கேற்றியதும் முருகேஸ்வரி கண்ணை மூடவில்லை. அமைதியைக் கொடு என்று கேட்கவில்லை. முந்தின நாள் நடந்த அக்கிரமங்களைக் கோவையாக, பெயர்களோடு, மகளிடம் சொன்னாள். மஸ்டருக்குப் போகுமுன் தினமும் அதுதான் அவளுக்குப் பூசை. சொல்லி முடிக்கையில் சில நாள் அழுகை வரும். சில நாள் இடது கைப்பக்கம் அந்தத் தகிப்பு வரும். வராத நாளும் உண்டு. அன்றைக்கு, “வராட்டிப் போ, நான் போறேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

ஒரு நாள் எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தைக்காரி. அவர்கள் லயத்தில் பின்சுவர் வயிறு தள்ளி நிற்கிறதாம். மழை பிடிப்பதற்குள் சரிபண்ணச் சொன்னால் ஆபீஸில் எழுதிவைத்துக்கொள்கிறார்களாம், ஆள் வருவதில்லை. “நீங்க வந்து ஒரு வார்த்தை பேசணும்க்கா,” என்றாள்.

சுடலைமணி ஜீப்பை எடுத்தான். போய்ப் பார்த்தபோது சுவர் அவள் சொன்னதைவிட மோசமாக இருந்தது. விரிசலுக்குள் விரல் நுழைந்தது. அதற்கு உள்பக்கம், சுவரை ஒட்டி, தொட்டில் கட்டியிருந்தார்கள். தகவல் தெரிந்து சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினான்.

“உங்களுக்கு இந்த டிவிஷன்ல என்ன காரியம்?” என்று கேட்டான்.

முருகேஸ்வரி சுவரிலிருந்து கையை எடுக்காமல் அவன் பக்கம் திரும்பி, பேச ஆரம்பித்தாள்.